அண்ணனைக் காணோமுங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'அண்ணனைக் காணோமுங்க' நான் எழுதிவரும் தொடர்கதை. பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. இப்போது அவர்களின் அம்மாக்கள்தான் அதிகம் கேள்வி கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கடைசி அத்தியாயம் இன்னும் படிக்காதவர்கள் கோழிப்பண்ணை பற்றிய கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கதை என்ன? ஒரே மூச்சில் சொல்ல முடியுமா?

சென்னிமலைப் பக்கம் ஒரு தறிக்கார வீடு. மூத்தவன் கதிர், 24 வயது, திருப்பூரில் ஒரு சாயப் பட்டறையின் லேபில் வேலை பார்க்கிறான். இளையவள் சிவகாமி, பதினொன்றாம் வகுப்பு. ஒரு வாரக் கடைசியில் கதிர் வீடு திரும்பவில்லை. 'வேலை விஷயமாக வெளியூர் போகிறேன், தேட வேண்டாம் அன்புத் தங்கையே' என்று போனில் ஒரு செய்தி மட்டும் வருகிறது. பிறந்த நாளிலிருந்து அவளைக் 'கொரங்கு' என்று மட்டுமே கூப்பிட்ட அண்ணன் 'அன்புத் தங்கையே' என்று எழுதினால், அதை எழுதியது அவன் இல்லை. பெரியவர்கள் யாரும் இதை நம்பவில்லை. ஆகவே அவளே ஒற்றர் வேலையில் இறங்குகிறாள். துணைக்கு மாமன் மகன் வேலு (14 வயது, எந்நேரமும் பசி), அப்புறம் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா. அவருக்குக் காது கேட்காது. ஆனால் கேட்க வேண்டியது மட்டும் எப்படியோ கேட்டுவிடும்.

தங்கை அண்ணனைத் தேடுகிறாள். வழக்கமாக அண்ணன்தானே தங்கையைக் காப்பாற்றுவான்?

எந்த வழக்கம்? கொங்கு நாட்டின் பெரிய கதையே வேறு மாதிரி. பொன்னர், சங்கர் என்று அண்ணன்மார் இருவர். அவர்கள் தங்கை அருக்காணித் தங்காள். அண்ணன்மார் சாமி கதையை உடுக்கை அடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். 1965இல் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானுடவியலர் காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உட்கார்ந்து அதை முழுக்கப் பாடவைத்துப் பதிவு செய்தார். அந்தக் கதையில் வீரர்கள் இருவரும் படுகளத்தில் (வீரர்கள் மாண்டு விழுகிற களம்) விழுந்த பிறகு கிளம்பித் தேடிப் போகிறவள் தங்காள்தான். வீரப்பூர் காடு வரைக்கும் போகிறாள், அண்ணன்களைக் கண்டுபிடிக்கிறாள், எழுப்பவும் செய்கிறாள். மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது போய்ப் பார்த்தால், படுகளத்தில் விழுந்து கிடப்பவர்களை எழுப்புகிற சடங்கை இன்றைக்கும் காணலாம்.

அண்ணன்கள் வாளோடு போனார்கள், தங்காள் கையில் ஒன்றும் இல்லாமல் போனாள். எனக்கு இரண்டாவதுதான் நல்ல கதையாகப் படுகிறது. சிவகாமி அரசாங்கம் கொடுத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறாள், அவ்வளவுதான். அவள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) மூன்றாவது அத்தியாயத்தில் தங்காள் கதையைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் தூங்கிவிடுவது இதற்காக வைத்ததுதான். அங்கே நிறையப் பேர் பக்கத்தைத் தள்ளிவிட்டீர்கள் என்று தெரிகிறது.

ஒருவர் காணாமல் போவது வேடிக்கையா? இதை வைத்துச் சிரிக்கலாமா?

இந்தக் கேள்வி வருவது நல்லதுதான். காணாமல் போனவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. தேடுகிறவர்கள் அடிக்கிற கூத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். இதுதான் நான் வைத்திருக்கும் கோடு. கதிரின் அம்மா வட்டலில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்க்கிற இடத்தில் ஒரு நகைச்சுவையும் கிடையாது. அவள் பயம் பொய்யாக இருந்தால் வேலு அடிக்கிற லொள்ளுக்கு யாரும் சிரிக்கவும் மாட்டார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிஜத்தில் ஒரு பிள்ளை காணாமல் போனால் சைக்கிளை எடுக்க வேண்டாம், போனை எடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பொது அவசர எண் 112. 'ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2013இல் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் சிவகாமி ஏன் போலீசுக்குப் போகவில்லை?

போகிறாளே! இரண்டாம் அத்தியாயத்தை மறுபடி பாருங்கள். கதிருக்கு 24 வயது, 'வெளியூர் போகிறேன்' என்று அவன் போனிலிருந்தே செய்தி வந்திருக்கிறது. புகாரை எழுதி வாங்கிக்கொள்கிறார் ஏட்டம்மா. வாங்கிக்கொண்டு, "பையன் யாரையாச்சும் கூட்டிட்டுப் போயிட்டானா அம்மிணி?" என்று கேட்கிறார். கதையின் முடிவில் வில்லனைப் பிடிப்பதும் அதே ஏட்டம்மாதான். போலீஸ் எல்லாரையும் முட்டாளாகக் காட்டினால்தான் சிறுவர் சாகசம் நடக்கும் என்கிற எழுத்து எனக்குப் பிடிப்பதில்லை.

கொங்கு ஊரில் ஒற்றர் வேலை நடக்குமா? பக்கத்து வீட்டுக்குப் போனாலே 'எங்கீங்க கண்ணு கிளம்பிட்டீங்க' என்று கேட்பார்களே?

கதையின் மொத்தச் சிரிப்பும் அங்கேதான் இருக்கிறது. மற்ற ஊர் ஒற்றர்களுக்குத் தகவல் கிடைப்பது சிரமம். சிவகாமிக்கு அந்தச் சிரமமே இல்லை. அவிநாசியில் டீக்கடையில் நின்றால் பெருந்துறையில் தெரிந்துவிடும். யார் வீட்டுக்கு யார் ஒறம்பரை (உறவுக்கார விருந்தாளி) வந்தார்கள், எத்தனை நாள் தங்கினார்கள், திரும்பிப் போகும்போது பையில் எள்ளுருண்டை கொடுத்தனுப்பினார்களா இல்லையா என்பது வரைக்கும் அம்மிச்சிக்குத் தெரியும். தகவல் தானாக வந்து விழுகிறது. மறைந்துகொள்வதுதான் முடியவே முடியாத காரியம்.

அதனால்தான் மாறுவேடக் காட்சிகள் எல்லாமே தோற்றுப்போகின்றன. கண்ணாடி போட்டு, துப்பட்டாவால் முகத்தை மூடி, திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறாள். இறங்கிய இடத்திலேயே ஒரு பெரியம்மா, "ஏனுங்க அம்மிணி, நீங்க சென்னிமலை தறிக்காரரு பேத்திதானுங்க? நடையப் பாத்தாலே தெரியுதுங்களே" என்கிறார். நடையை மாற்றச் சொல்லி வேலு பயிற்சி கொடுக்கிறான். அடுத்த பெரியம்மா, "கால்ல என்ன கண்ணு ஆச்சு?" என்று கேட்டு வீட்டுக்குக் கூட்டிப்போய் எண்ணெய் தடவி விடுகிறார்.

திருக்குறளில் 59ஆவது அதிகாரம் ஒற்றாடல். ஒற்றர் ஒருவரை ஒருவர் அறியாதபடி வைத்து ஆள வேண்டும், மூவர் சொல்வதும் ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறது அதில் ஒரு குறள். தமிழய்யா நடத்திய இந்தப் பாடத்தைச் சிவகாமி அப்படியே செயல்படுத்துகிறாள். பூக்கார அக்கா, மெஸ் நடத்துகிற அத்தை, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற பெரியம்மா பெண் என்று மூன்று ஒற்றர்கள். ஒருவருக்கு இன்னொருவரைத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். மூவரும் ஒரே மொய்ப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இவளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று பேர் சொல்வதும் ஒத்துப்போகத்தான் செய்கிறது, ஏனென்றால் மூன்றும் ஒரே வதந்தி. வள்ளுவர் ஏன் அந்த நிபந்தனையைப் போட்டார் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிகிறது.

மஞ்சள் தண்ணீர் ரகசிய எழுத்து நிஜமாகவே வேலை செய்யுமா?

செய்யும். கதையில் வரும் கருவிகளிலேயே இதுதான் எனக்குச் செல்லம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்ப் பெண்ணுக்கு லேசர் கடிகாரம் எதற்கு?

செய்முறை இதுதான். ஆப்ப சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு சுற்றிய குச்சியால் வெள்ளைத் தாளில் எழுதிக் காயவிடுங்கள். எழுத்து தெரியாது. படிக்க வேண்டியவர் கெட்டியாகக் கலக்கிய மஞ்சள் தண்ணீரைத் தாள் மேல் தடவினால், தாள் முழுக்க மஞ்சளாகி எழுத்து மட்டும் செம்பழுப்பாக எழும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்கிற நிறப்பொருள் காரம் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா, சுண்ணாம்பு போன்ற காரப்பொருள்) பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் அதனால்தான். சாம்பாரில் மஞ்சள் கறைபட்ட வெள்ளைச் சட்டையைச் சோப்புப் போட்டால் சிவப்பாகி அம்மாவிடம் திட்டு வாங்கியிருப்பீர்களே, அதுவும் இதேதான்.

சுண்ணாம்பிலேயே எழுதலாமே என்று கேட்டிருந்தார்கள். நிறம் நன்றாகத்தான் வரும். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, அதனால் கதையில் வேண்டுமென்றே சோடாவுக்கு மாற்றினேன். எழுத்தை மறுபடி மறைக்க எலுமிச்சைச் சாறு தடவினால் போதும், சிவப்பு திரும்பவும் மஞ்சளாகிவிடும். ஆறாவது அத்தியாயத்தில் வேலு தாகத்துக்காக வாங்கிய லெமன் ஜூசைத் தாள் மேல் கொட்டிவிடுகிறான், அண்ணன் இருக்கும் இடம் கண்ணெதிரே மறைந்துபோகிறது. இது கற்பனை நகைச்சுவை என்று நினைத்தவர்கள் வீட்டில் செய்து பாருங்கள். வெயிலில் காயப்போட்டாலும் மஞ்சள் நிறம் மெல்ல வெளுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதினாறு வயதுப் பெண் ஸ்கூட்டி ஓட்டுகிற காட்சி ஏன் இல்லை? வேகமாக இருந்திருக்குமே?

பதினெட்டு வயது ஆகாதவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை என்று 2019இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை காணாமல் போயிருக்கிற வீட்டில் அப்பாவையும் உள்ளே அனுப்ப வேண்டுமா?

பஸ்ஸில் போனால்தான் சிரிப்பு. 2021இலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே சிவகாமி ஈரோடு, திருப்பூர், பல்லடம் என்று டவுன் பஸ் மாறி மாறிச் செலவில்லாமல் துரத்துகிறாள். பள்ளிச் சீருடையில் இருந்தால் வேலுவுக்கும் கவலையில்லை. ஆனால் நடப்பது விடுமுறைக் காலம், கலர் டிரஸ். ஒவ்வொரு பஸ்ஸிலும் அவனுக்கு டிக்கெட் எடுத்தே ஒற்றர் படையின் கஜானா காலியாகிறது. வில்லன் எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் ஏறிவிட்டால் துரத்தல் அங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் அதில் அவளுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும்.

தறிச் சத்தம் அத்தியாயத்தில் நடப்பது எங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது. அதைத்தான் எழுதினீர்களா?

இல்லை, ஆனால் எல்லாத் தறி ஊரிலும் நடந்திருக்கும். விசைத்தறி ஓடுகிற இடத்தில் காதோடு காதாகக் கத்தினால்தான் பேச முடியும். ஒட்டுக் கேட்கும் கருவி எதை வைத்தாலும் வீண், தறிச் சத்தம் மட்டுமே பதிவாகும். அதனால் ரகசியக் கூட்டத்துக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை என்று சிவகாமி கணக்குப் போடுகிறாள். கணக்கு சரிதான், கரண்ட் போகும் வரைக்கும். "நாளைக்கு ராத்திரி பண்ணைக்குள்ள பூந்து அண்ணனத் தூக்கறோம்" என்று அவள் தொண்டை கிழியக் கத்துகிற அந்த நொடியில் தறிகள் எல்லாம் ஒன்றாக நிற்கின்றன. தெரு முழுக்கக் கேட்கிறது. எதிர் வீட்டு அத்தை, "ராத்திரி சோறு கட்டிக் குடுக்கட்டுங்களா?" என்று கேட்கிறார்.

கதிர் கண்டுபிடித்த 'உப்பில்லாச் சாயம்' என்பது என்ன? அதற்காக ஆளைக் கடத்துவார்களா?

கடத்துவது கற்பனை. உப்புப் பிரச்சினை கற்பனை இல்லை. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது, தண்ணீருக்குள் நூலுக்கும் சாயத்துக்கும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் இரண்டும் விலகும். உப்பைக் கொட்டினால்தான் சாயம் துணிப்பக்கம் போகும். அடர்ந்த ஷேடுக்கு லிட்டருக்கு 60 முதல் 100 கிராம் வரைகூட ஆகும். அந்த உப்பு துணியோடு சேர்ந்துவிடுவதில்லை, ஏறக்குறைய எல்லாம் கழிவு நீரோடு வெளியே வந்தாக வேண்டும்.

பல காலம் அது நொய்யல் ஆற்றுக்குத்தான் வந்தது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்குகிற குளமாகிவிட்டது. கீழே இருந்த காடு தோட்டம் கெட்டது, கிணறு கெட்டது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. கழிவு நீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்து, உப்பையும் தண்ணீரையும் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்துகிற முறைக்கு வந்த பிறகுதான் பட்டறைகள் திறந்தன. அதற்குச் செலவு எக்கச்சக்கம். ஆகவே உப்பு குறைவாகக் கேட்கிற சாய முறை ஒருவன் நோட்டுப் புத்தகத்தில் இருந்தால் அதற்கு விலை உண்டு. பருத்தி நூலின் மின்னேற்றத்தையே மாற்றிவிடுகிற ஆராய்ச்சி நிஜத்திலும் நடக்கிறது. கதிர் செய்வது அதைத்தான்.

அப்பாரு அணைக்கரையில் நின்று "இந்தத் தண்ணியில நீச்சல் பழகினேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிற பக்கத்தை நீக்கச் சொல்லி ஒருவர் எழுதியிருந்தார். சிரிப்புக் கதையில் அது எதற்கு என்று கேட்டார். நீக்க மாட்டேன். அது இல்லாவிட்டால் அந்த நோட்டுப் புத்தகம் வெறும் காகிதம்.

வில்லன் ஏன் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறான்?

எங்கள் ஊர்க்காரன், வேறெப்படிப் பேசுவான்? "கொஞ்சம் கையை நீட்டறீங்களா கண்ணு, கட்டோணும்" என்பான். கட்டிய பிறகு "எச்சா இறுக்கிட்டனுங்களா?" என்றும் கேட்பான். மிரட்டலைவிட இந்த மரியாதை அதிகம் பயமுறுத்துகிறது என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். நான் நினைத்ததும் அதுவே.

கடைசியில் வரும் கோழிப்பண்ணை எங்கே இருக்கிறது?

அந்தக் குறிப்பிட்ட பண்ணை என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. பல்லடம் வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கறிக்கோழி வளர்ப்புக்குப் பேர்போன பகுதி அது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பி உடுமலை வரைக்கும் காற்றாலைகள் நிற்கின்றன. விசைத்தறியும் உண்டு. கதிர் ஒரே ஒரு முறை போனில் பேசும்போது பின்னணியில் இந்த மூன்று சத்தமும் கேட்கிறது. காற்றாலையும் தறியும் கோழியும் சேர்ந்து கேட்கிற இடம் என்று சிவகாமி வரைபடத்தில் வட்டம் போடுகிறாள். அந்த வட்டத்துக்குள் பல்லடம், சூலூர், உடுமலை எல்லாமே வந்துவிடுகின்றன. கடைசியில் இடத்தைச் சொல்வது வரைபடம் இல்லை. அங்கே கம்பு, கோழித் தீவனம் கொண்டுபோகிற டிரைவர் அம்மிச்சிக்கு ஒரு வகையில் தம்பி முறை.

துப்பாக்கி இல்லையா?

இல்லை. கவணும் இல்லை. நாற்றம் இருக்கிறது, பண்ணைக்குள் போனவர்களுக்குத் தெரியும்.

வேலு முறை மாப்பிள்ளைதானே? அடுத்த பாகத்தில் காதல் உண்டா?

கிடையாது. அவனுக்கு 14 வயது, அவனுடைய காதல் முழுக்க அரிசி பருப்பு சாதத்தின் மேல். கதைக்குள் ஒறம்பரைகள் கேலி செய்வார்கள், அதையும் சிவகாமி ஒரே முறைப்பில் அடக்கிவிடுவாள்.

நானும் எங்கள் ஊரை வைத்து இப்படி ஒன்று எழுத வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

தங்கச்சிக்கும் அண்ணனுக்கும் நடுவே இருக்கிற சண்டையில் ஆரம்பியுங்கள். அவர்கள் எதற்கு அடித்துக்கொள்வார்கள் என்று முதலில் எழுதினால், ஒருவர் காணாமல் போகும்போது வாசகர் தானாக வெசனப்படுவார். சிவகாமி கதிரின் சார்ஜரை ஒளித்து வைத்திருக்கிறாள், அவன் போன் அணைந்துபோனதற்கு அதுவே காரணமாக இருக்குமோ என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல். அந்தச் சார்ஜர் கதை முழுக்க அவள் பையிலேயே இருக்கிறது.

அப்புறம், ஊரில் இருக்கிற தொழிலைக் கருவியாக மாற்றுங்கள். பவானியில் ஜமுக்காளத்தின் பட்டைகளில் ரகசியக் குறியீடு வைக்கலாம். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி போகாத மாநிலம் குறைவு, அதில் ஏறி ஒளிந்துகொண்டவன் எங்கே போய் இறங்குவானோ! அந்தியூர் குருநாதசாமி கோயிலின் ஆடிச் சந்தையில், குதிரைகளுக்கு நடுவில் ஒரு துரத்தல் வைத்தால் நான் முதல் ஆளாகப் படிப்பேன். சென்னிமலையின் 1320 படிகளை மட்டும் விட்டுவிடுங்கள், இரண்டாம் பாகத்தில் வில்லனை அதில்தான் ஓடவிடப் போகிறேன்.

பள்ளி ஆண்டு விழாவில் இதை நாடகமாகப் போடலாமா?

தாராளமாகப் போடுங்கள், அனுமதி கேட்டு எழுதவும் வேண்டாம். கை கட்டுகிற காட்சியில் கயிற்றுக்குப் பதில் துண்டு போதும், முடிச்சு இறுக்காதீர்கள். தறிச் சத்தத்தை ஸ்பீக்கரில் போடுகிறவர் சரியான நொடியில் நிறுத்த வேண்டும், அந்தக் காட்சியைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் அவர் கையில்தான். நிஜக் கோழி கொண்டுவர வேண்டாம். பத்துப் பையன்களைத் திரைக்குப் பின்னால் நிறுத்திக் கொக்கரிக்கச் சொல்லுங்கள். கதிர் வேடத்தைவிட அதற்குத்தான் போட்டி அதிகம் இருக்கும்.